ஊர் மாவு மில்: நேரில் கண்டவை

எங்கள் ஊர் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் கிராமம். மின்சாரம் வருவதற்கு முன்பு மில் ஆயில் இன்ஜினில் ஓடியது என்றும், அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் பெண்கள் கம்பையும் சோளத்தையும் புடைத்து எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள் என்றும் ஆச்சி சொல்வார். அதுவரை திருகை இழுத்த கைகள் அவை. 1956-இல் பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டத்தின்கீழ் ஒப்பந்தம் கையெழுத்தாகி, அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து ரேஷனுக்கும் பரவியபோது, கோதுமையே கண்டிராத வீடுகளுக்கும் மில் தேவைப்பட்டது.

நான் பார்த்தது மோட்டார் மில். மில்கார அண்ணாச்சி, துணிக்குழாயிலிருந்து விழும் மாவை இரு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்து, அரைக்கும் தட்டுகளை நெருக்கும் கைப்பிடியை ஒரு முடுக்கு முடுக்குவார். வேறு அளவுகோல் அவருக்கு இல்லை. தூக்குவாளியில் வாங்கிய மாவு இடுப்பைச் சுடும். சூட்டோடு மூடினால் வேர்த்துக் கட்டி தட்டும் என்பதால், வீடு வந்ததும் செய்தித்தாளில் பரப்பி ஆறவிட வேண்டும்.

மில் நலிந்ததற்குப் பாக்கெட் கோதுமை மாவைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். என் கணக்கு வேறு. முறுக்கு மாவு தீபாவளிக்கு வரும், கோதுமை எப்போதாவது வரும். மாதந்தோறும் வந்து மில்லுக்குச் சோறு போட்டவை மிளகாயும் மல்லியும்தான். பொடிப் பாக்கெட்டுகள் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கத் தொடங்கியதும், வற்றலைக் காயவைத்துக் காம்பு கிள்ளும் வேலையே வீடுகளில் நின்றுபோனது.

* * *

மில் நலிந்ததற்கு மேலே எழுதிய விளாத்திகுளத்து ஐயா சொல்லும் காரணத்தை ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். ஆனால், சேலம் மாவட்டத்தில் என் சித்தப்பா நடத்திய மில்லை முடக்கியது மின்வெட்டு. 2012-இல் பல நாட்கள் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இருக்காது. ராகி அரைபடும்போது கரண்ட் போனால் தானியம் தட்டுகளுக்கிடையே இறுகிவிடும். அப்படியே மோட்டாரைப் போட்டால் பெல்ட் வழுக்கிக் கருகும். நட்டுகளைக் கழற்றி, இறுகியதைச் சுரண்டி எடுத்த பிறகே ஓட்ட முடியும். ஒரு பாட்டி கொண்டுவந்த நான்கு படி ராகிக்காக ஒரே நாளில் அவர் மூன்று முறை கழற்றியபோது, நான்தான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் முறை சித்தப்பா கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பாட்டி கேட்கவில்லை, சில்லறையைக் கல்லாப் பலகையில் வைத்துவிட்டு, மீதி ராகியை மூட்டையாகவே விட்டுப் போனார்.