பத்து மாதக் குழந்தைக்கு எடையே ஏறவில்லை, எதைப் பார்க்கணும்?

மழலைத்தாய்:
என் மகளுக்குப் பத்து மாதம். பிறந்தபோது 3 கிலோ, ஆறு மாதத்தில் 7.2 கிலோ. இப்போது 7.4 தான், நாலு மாதத்தில் வெறும் 200 கிராம்! வளர்ச்சி அட்டையில் நடுக்கோட்டை ஒட்டியே போனவள் 15ஆவது சதமானக் கோட்டுக்கு (நூறு குழந்தைகளில் 15 பேர்தான் அதற்குக் கீழே இருப்பார்கள்) கீழே வந்துவிட்டாள். தவழ்வது, சிரிப்பு, விளையாட்டு எதிலும் குறையில்லை. ஆனால் கிண்ணத்தைப் பார்த்தாலே வாயை இறுக மூடி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், ஒரு வேளை ஊட்டி முடிக்க ஒரு மணி நேரம், கடைசியில் இரண்டு பேரும் அழுகை. "உடல்வாகு அப்படி" என்கிறார்கள் வீட்டில். எனக்கு மனசு கேட்கவில்லை. ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லட்டுமா?

வார்டுசெவிலி:
உங்கள் மனசு சொல்வதைக் கேளுங்கள், காட்டத்தான் வேண்டும். குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறேன். சில குழந்தைகள் பிறவியிலேயே சின்ன உருவம், கீழ்க்கோட்டிலேயே சீராகப் போவார்கள், அது பிரச்சினை இல்லை. ஆறு மாதத்துக்குமேல் வேகம் குறைவதும் இயல்புதான், ஆனாலும் இந்த வயதில் ஒரு நாளைக்குச் சுமார் 10 கிராமாவது கூடணும். உங்கள் மகளுக்கு இரண்டு கிராம்கூட வரவில்லையே.

முதலில் எடையைச் சரிபாருங்கள்: அதே தராசு, உடுப்பு, டயபர் இல்லாமல். நீளத்தையும் தலைச் சுற்றளவையும் அளக்கச் சொல்லுங்கள். சாப்பாடு போதாதபோது முதலில் எடை, அப்புறம் நீளம், கடைசியாகத்தான் தலை பாதிக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்குக் காரணம் உள்ளே போகும் அளவு போதாததுதான், அதனால் எடுத்த எடுப்பில் ரத்தம் எடுப்பதைவிட, மூன்று நாள் என்ன, எவ்வளவு, எப்போது கொடுத்தீர்கள் என்று எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்கு அதிகம் புரியும். ஒரு வேளை ஊட்டுவதை வீடியோ எடுங்கள். ஒரு மணி நேரம் வேண்டவே வேண்டாம்மா, இருபது, முப்பது நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள். கட்டாயப்படுத்தினால் கிண்ணத்தைப் பார்த்தே பயப்படுவாள்.

இருமகள்களின்அம்மா:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் ஒன்று கவனியுங்கள் தோழி, பால் குடிக்கும்போது மூச்சு வாங்குகிறதா, நெற்றி வியர்க்கிறதா? என் சின்னவள் நாலு வாய் உறிஞ்சிவிட்டு நிறுத்துவாள், உச்சந்தலை நனைந்திருக்கும், மறுபடி நாலு வாய். சோம்பேறிக் குழந்தை என்றார்கள். எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்தபோது இதயத்தில் ஓட்டை. அந்தக் குழந்தைகளுக்கு மூச்சுவிடவே நிறைய சக்தி செலவாகிவிடும், குடிக்கவும் முடியாது. அதேபோல மலம் எண்ணெய்ப் பசையோடு நாற்றமடிக்கிறதா, அடிக்கடி வாந்தி, காரணம் தெரியாத காய்ச்சல் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிறுநீர்த் தொற்றுகூட எடையைப் பிடித்து நிறுத்திவிடும்.

மழலைத்தாய்:
வியர்வை, வாந்தி எதுவும் இல்லை. யோசித்தால், ஊட்டுவதற்குச் சற்று முன்னாடிதான் தினமும் பழச்சாறு கொடுக்கிறேன். கூழும் நீர்க்கத்தான் கரைக்கிறேன், தொண்டையில் அடைக்குமோ என்ற பயத்தில்.

வார்டுசெவிலி:
அங்கேதான் பாருங்கள். ஒரு வயதுவரை பழச்சாறே தேவையில்லை, அந்தச் சின்ன வயிற்றில் இடத்தை அடைத்துக்கொள்ளும். கூழைக் கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத பதத்துக்குக் கெட்டியாக்குங்கள், ஒரு சிறு கரண்டி எண்ணெயோ வெண்ணெயோ சேருங்கள். தாய்ப்பாலோ புட்டிப்பாலோ நிறுத்தாதீர்கள், சாப்பாட்டுக்கு அப்புறம் கொடுங்கள். கையால் எடுத்துச் சாப்பிட மென்மையான துண்டுகள் வையுங்கள், சிந்தினால் சிந்தட்டும். ஆனால் இதைச் செய்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். நடுவில் குடிப்பதை நிறுத்தினாலோ, துவண்டு கிடந்தாலோ, சிறுநீர் போவது குறைந்தாலோ அன்றே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.