டெவர்ஸ் போன பிறகு: பாஸ்டன் ரசிகர்கள் சொன்னவை

குயின்சியிலிருந்து

பாஸ்டனின் பேஸ்பால் அணியான ரெட் சாக்ஸின் ரசிகர்கள் தங்கள் அணி நிர்வாகத்தைப் பற்றிச் சண்டை போடுவதை நேரில் கேட்டவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். யாரிடம் என்ன கேட்டீர்கள் என்று எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன். எனக்குத் தோன்றுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஓர் ஆட்டக்காரரை அனுப்பிவிட்டார்கள் என்பதைவிட, அனுப்பிய பிறகு சொல்கிற காரணத்தைத்தான் இந்த ஊர்க்காரர்களால் தாங்க முடிவதில்லை.

2025 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை. சொந்த மைதானமான ஃபென்வே பார்க்கில் பரம எதிரி நியூயார்க் யாங்கீஸை 2-0 என்று வென்று, அந்தத் தொடரின் மூன்று ஆட்டங்களையும் கைப்பற்றிய நாள். ரஃபேல் டெவர்ஸ் அன்றும் ஒரு ஹோம் ரன் அடித்தார். மாலையில் செய்தி வந்தது: அவரை சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு ட்ரேட் செய்துவிட்டார்கள், அதாவது அவரைக் கொடுத்து வேறு ஆட்டக்காரர்களை வாங்கிக்கொண்டார்கள். பதினாறு வயதில் டொமினிகன் குடியரசிலிருந்து எடுத்து, இங்கேயே வளர்த்து, 2023 ஜனவரியில் பத்து ஆண்டுகளுக்கு 313.5 மில்லியன் டாலர் என்று அணியின் வரலாற்றிலேயே பெரிய ஒப்பந்தம் கொடுத்த ஆள்.

அந்த வாரம் காருக்கு ஆயில் மாற்றப் போயிருந்தேன். கடையில் ஸ்போர்ட்ஸ் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். தொப்பியில் இருந்த ‘பி’ எழுத்து வெயிலில் வெளுத்து, சிவப்பு போய் ஆரஞ்சாகியிருந்தது. எனக்கு முன்னால் ஒரு நர்ஸ் அம்மா, நைட் ஷிஃப்ட் முடித்த உடையோடு உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் முன்பின் பழக்கம் இருந்த மாதிரித் தெரியவில்லை. ஆனால் பத்து நிமிடத்தில் பங்காளிச் சண்டை மாதிரி ஆகிவிட்டது.

கடைக்காரர் நிர்வாகத்தின் பக்கம். “அவ்வளவு சம்பளம் வாங்குகிறவன், அணிக்கு ஆள் இல்லாதபோது ஃபர்ஸ்ட் பேஸில் நிற்க மாட்டேன் என்று சொல்லலாமா? கூட இருக்கிற சின்னப் பையன்கள் இதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்?”

அந்த அம்மா விடவில்லை. நடந்ததை வரிசையாக எடுத்து வைத்தார். களத்தில் டெவர்ஸ் நின்று பந்து தடுக்கிற இடம் தேர்ட் பேஸ். பிப்ரவரியில் அலெக்ஸ் பிரெக்மனைக் கொண்டுவந்து அந்த இடத்தைக் கொடுத்தார்கள். டெவர்ஸுக்கு மனமில்லை, இருந்தாலும் பந்து தடுக்கிற வேலையே இல்லாமல் பேட்டிங் மட்டும் செய்கிற டிஎச் ஆகப் போனார். மே மாதத் தொடக்கத்தில் ஃபர்ஸ்ட் பேஸ் ஆடும் டிரிஸ்டன் காசஸுக்கு முழங்காலில் பெரிய காயம். உடனே, அந்த இடத்துக்கு நீ வா என்றார்கள். “கிளவ்வை மூட்டை கட்டி வை என்று சொன்னதும் நீங்கள்தான், இப்போது எடு என்பதும் நீங்கள்தான் என்று அவன் கேட்டால் அதில் என்ன தப்பு? கடைசியில் முதலாளியே, அணி ஆடப் போயிருந்த கான்சஸ் சிட்டிக்கு விமானம் ஏறிப் போய்ப் பேச வேண்டி வந்தது. பிப்ரவரியில் யாராவது ஒழுங்காக உட்கார்ந்து பேசியிருந்தால் இதெல்லாம் எதற்கு?”

அப்புறம் அணி கைவிட்டவர்களை விரல் விட்டு எண்ணினார். மூக்கி பெட்ஸ். ஜான்டர் போகார்ட்ஸ். இப்போது டெவர்ஸ். மூவருமே ரெட் சாக்ஸ் வளர்த்த பிள்ளைகள், 2018இல் 108 ஆட்டங்கள் வென்று கோப்பையும் வாங்கிய அணியில் இருந்தவர்கள்.

அந்த நேரத்தில் ரேடியோவில் கிரேக் பிரெஸ்லோ சொன்னதைப் பற்றிப் பேச்சு வந்தது. ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு முழுவதும் அவருடையது. 2013இல் கோப்பை வென்ற ரெட் சாக்ஸ் அணியிலேயே பந்து வீசும் பிட்சராக இருந்தவர், யேலில் படித்தவர். டெவர்ஸ் இல்லாமல் அந்த ஆண்டு இன்னும் கூடுதலான ஆட்டங்களில் வெல்லவும் வாய்ப்பிருக்கிறது என்ற பொருளில் அவர் பேசியிருந்தார். கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டிருந்த துணியை பெஞ்சில் வீசிவிட்டார். அதுவரை நிர்வாகத்துக்காக வாதாடிய மனிதர்! “ஒத்துவரவில்லை, அனுப்பிவிட்டோம் என்று சொல்லிவிட்டுப் போகட்டும், நான் ஏற்றுக்கொள்கிறேன். அடித்து ஆடுகிறவனை அனுப்பிவிட்டு, இதனால் அணி பலமாகிவிட்டது என்று என்னிடம் சொல்லாதே. நாங்கள் என்ன குழந்தைகளா?”

அந்த அம்மாவும் தலையாட்டினார். இருவரும் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான். பெட்ஸ் கதையிலும் இதே கோபத்தைத்தான் நான் பலரிடம் பார்த்தேன். பேஸ்பாலில் ஓர் அணி இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்ற உச்சவரம்பு கிடையாது. ஒரு கோட்டைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். அடுத்தடுத்த ஆண்டுகளும் தாண்டினால் வரி விகிதம் ஏறும். ஓராண்டு கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் மறுபடி அடியிலிருந்து தொடங்கும். 2020இல் அந்தக் கோடு 208 மில்லியன். அந்த பிப்ரவரியில் பெட்ஸோடு பிட்சர் டேவிட் பிரைஸையும் சேர்த்து லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு அனுப்பி, பதிலுக்கு மூவரை வாங்கினார்கள். அவர்களில் ஜீட்டர் டவுன்ஸ் ரெட் சாக்ஸுக்காக ஆடியது 14 ஆட்டங்கள். அலெக்ஸ் வெர்டுகோவைப் பின்னால் யாங்கீஸுக்கே கொடுத்துவிட்டார்கள். கேட்சர் கானர் வாங் மட்டும் நிலைத்தார். பெட்ஸ் அந்த ஜூலையிலேயே டாட்ஜர்ஸோடு 12 ஆண்டுகளுக்கு 365 மில்லியனுக்குக் கையெழுத்திட்டார். லிவர்பூல் கால்பந்து அணியையும் வைத்திருக்கும் முதலாளிகளுக்கு இந்தப் பணம் கட்டுப்படியாகாதா என்று கேட்காத ரசிகரை நான் இன்னும் பார்க்கவில்லை.

வூஸ்டரிலிருந்து

உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு இங்கே போலார் பார்க்கில் பழக்கமான ஒரு பெரியவர் நினைவுக்கு வந்தார். ரெட் சாக்ஸின் டிரிபிள் ஏ அணி 2021 முதல் எங்கள் ஊரில்தான் ஆடுகிறது. ஃபென்வேக்குப் போவதற்கு முன் பையன்கள் கடைசியாக நிற்கிற படி இது.

அவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியர். ஸ்கோர் புத்தகத்தைத் தானே பென்சிலால் எழுதுவார். ஒவ்வொரு பையன் பெயருக்கும் பக்கத்தில் ஓரத்தில் ஒரு தேதி இருக்கும். அவன் பாஸ்டனுக்கு ஏறிய நாள் அது. மார்செலோ மேயர், மே 24. ரோமன் ஆண்டனி, ஜூன் 9. கிறிஸ்டியன் கேம்ப்பெல் பெயருக்கு எதிரே இரண்டு தேதிகள். சீசன் தொடக்கத்திலேயே ஃபென்வே அணியில் இடம், ஏப்ரலில் எட்டு ஆண்டுகளுக்கு 60 மில்லியன் ஒப்பந்தம், ஜூன் 19 அன்று திரும்ப வூஸ்டருக்கு. இரண்டாவது தேதியின் மேல் அவர் பென்சிலை அழுத்தியிருந்தது பின்பக்கத்தில் தடம் விழுந்து தெரிந்தது.

“இவர்களுக்கு வளர்க்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதே. நன்றாக வளர்க்கிறார்கள். வைத்துக்கொள்ளத்தான் தெரியவில்லை.” அவர் சொல்லும் உதாரணம் பெட்ஸ் கிடையாது, அதற்கும் முந்தைய ஜான் லெஸ்டர். புற்றுநோயிலிருந்து மீண்டு வந்து 2007, 2013 இரண்டு கோப்பைகளிலும் பங்குபெற்ற பிட்சர். 2014 தொடக்கத்தில் அவருக்கு நான்கு ஆண்டுகளுக்கு 70 மில்லியன் என்று குறைத்துக் கேட்டார்கள். ஜூலை 31இல் ஓக்லாந்துக்கு ட்ரேட். அந்தக் குளிர்காலத்தில் சிகாகோ கப்ஸ் அணி ஆறு ஆண்டுகளுக்கு 155 மில்லியன் கொடுத்தது, 2016இல் 108 ஆண்டுக்குப் பிறகு கோப்பையும் வாங்கியது. “சிகாகோவில் அதைக் கொண்டாடும்போது டிவியை அணைத்துவிட்டேன்” என்றார்.

ஆனால் அவர் வெறும் புலம்பல் பேர்வழி இல்லை. பிட்சர் கேரட் குரோஷேவைக் கொண்டுவந்து, அவர் எந்த அணிக்கும் போகக்கூடிய ஃப்ரீ ஏஜென்ட் ஆவதற்கு முன்பே ஆறு ஆண்டுகளுக்கு 170 மில்லியனுக்குக் கட்டிவைத்ததை மனம் திறந்து பாராட்டினார். ஆகஸ்டில் ஆண்டனிக்கு எட்டு ஆண்டுகளுக்கு 130 மில்லியன் என்று செய்தி வந்தபோது நான் அவர் பக்கத்தில்தான் இருந்தேன். ஃபோனில் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். “லெஸ்டருக்கு இதைச் செய்திருந்தால்...” என்று தொடங்கி, முடிக்கவில்லை.

நாஷுவாவிலிருந்து

எனக்கு இதில் மாற்றுக்கருத்து உண்டு, அதையும் பதிவு செய்கிறேன். நான் வேலை பார்க்கும் இடத்தில் என் மேலாளர் பிறவி ரெட் சாக்ஸ் ரசிகர். டெவர்ஸ் போன வாரம் எல்லோரும் கொதித்தபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: “2004 ஜூலை 31 ஞாபகம் இருக்கிறதா?”

அன்றுதான் அப்போதைய ஜெனரல் மேனேஜர் தியோ எப்ஸ்டீன் நோமார் கார்சியாபாராவை கப்ஸுக்கு அனுப்பினார். ஊரின் செல்லப்பிள்ளை. என் மேலாளருடைய அண்ணன் அன்று இரவு முழுக்க அழுதாராம். பதிலுக்கு வந்தவர்கள் ஒர்லாண்டோ கப்ரேராவும் டக் மின்கேவிச்சும். பெரிய நட்சத்திரங்கள் இல்லை, ஆனால் பந்து தடுப்பதில் கெட்டிக்காரர்கள். அதே நாளில் இன்னொரு சின்ன ட்ரேடில் டேவ் ராபர்ட்ஸ் வந்தார். அக்டோபரில் யாங்கீஸுக்கு எதிராக மூன்று ஆட்டங்கள் தோற்று, நான்காவதும் கைவிட்டுப் போகும் நேரத்தில் ராபர்ட்ஸ் ஃபர்ஸ்ட் பேஸிலிருந்து சட்டென்று ஓடித் திருடிய செகண்ட் பேஸ்தான் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது. 86 ஆண்டுக்குப் பிறகு கோப்பை.

ரசிகனின் பாசத்தைக் கேட்டு அணி நடத்த முடியாது என்பது மேலாளரின் கட்சி. எனக்கும் அது சரி என்றே படுகிறது. கணக்கைப் பாருங்கள். டெவர்ஸ் போன பிறகு ரெட் சாக்ஸ் 89 வெற்றிகளோடு முடித்து, 2021க்குப் பிறகு முதல் முறையாக, கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகளுக்குப் போனது. ஜயன்ட்ஸ் 81-81 என்று வீட்டில் உட்கார்ந்தது. பிரெஸ்லோ சொன்னது பலித்தது என்று ஏன் யாரும் எழுதுவதில்லை?

ஆனால் பேச்சு விஷயத்தில் குயின்சிக்காரர் சொல்வதை மறுக்க மாட்டேன். 2023 செப்டம்பரில், பிரெஸ்லோவுக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்த கைம் ப்ளூமை வேலையைவிட்டு எடுத்த பிறகு, நவம்பரில் அணியின் சேர்மன் டாம் வெர்னர் இனி முழு வேகத்தில் போகப் போகிறோம் என்று அறிவித்தார். அந்தக் குளிர்காலத்தில் வந்த பெரிய பெயர் பிட்சர் லூகாஸ் ஜியோலிட்டோ. அவரும் சீசன் தொடங்குவதற்குள் முழங்கை காயத்தால் படுத்துவிட்டார். இன்னொரு பிட்சர் கிறிஸ் சேலை அட்லான்டாவுக்குக் கொடுத்தார்கள், அவர் அடுத்த ஆண்டே 18 வெற்றி, 3 தோல்வி என்று சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். எங்கள் அலுவலகத்தில் இன்றும் ஏதாவது வேலை தாமதமானால் “முழு வேகம்” என்றுதான் சொல்வார்கள். எதையும் பொறுத்துக்கொள்கிற என் மேலாளருக்கே அந்த ஒரு சொல்லை மன்னிக்க முடியவில்லை.

பசடீனாவிலிருந்து

எதிர்ப்பக்கத்திலிருந்து சின்னதாக ஒன்று. பக்கத்து வீட்டுக்காரர் நாற்பது ஆண்டுக்கு மேல் டாட்ஜர்ஸ் ரசிகர். நான் முன்பு பாஸ்டனில் இருந்தேன் என்று தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு பெட்ஸுக்காக நன்றி சொன்னார். 2020, 2024, 2025 என்று மூன்று கோப்பைகள். “அவரை எப்படி விட்டீர்கள்?” என்று உண்மையாகவே புரியாமல் கேட்டார். நான் வரிக் கணக்கை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார்.

ஃபிரேமிங்ஹாமிலிருந்து

நாஷுவா நண்பருக்குப் பதில். 89 வெற்றி உண்மைதான். ஆனால் அக்டோபரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிளேஆஃபில் எதிரே யாங்கீஸ். யாங்கீ ஸ்டேடியத்தில் முதல் ஆட்டத்தை குரோஷே தோளில் சுமந்து ஜெயித்துக் கொடுத்தார். இரண்டாவது ஆட்டத்துக்கு மறுநாள் காலை எங்கள் அலுவலகக் கேன்டீனில் யாருமே டெவர்ஸைப் பற்றிப் பேசவில்லை. மொத்தப் பேச்சும் மேனேஜர் அலெக்ஸ் கோராவைப் பற்றித்தான். பிட்சர் பிரையன் பெல்லோவை 28 பந்துகளிலேயே, மூன்றாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் வெளியே எடுத்துவிட்டார். 4-3 என்று தோல்வி.

என் பக்கத்து மேசைக்காரர், பெரும்பாலும் வாயே திறக்காத மனிதர், காகித நாப்கினில் பிட்சர்களின் பெயர்களை வரிசையாக எழுதி, யாரை எந்த இன்னிங்ஸுக்கு வைத்திருக்க வேண்டும் என்று போட்டுக் காட்டினார். எதிரே இருந்த பெண், கோரா செய்ததுதான் சரி, பெல்லோ போட்ட பந்துகள் எல்லாம் பலமாக அடிபட்டன என்றார். நாப்கினை வாங்கி அடித்து, தன் வரிசையை எழுதினார். அவரும் முடிக்கவில்லை. ஏனென்றால் அன்று இரவு மூன்றாவது ஆட்டத்துக்கு யார் இருக்கிறார்கள் என்ற இடத்தில் இருவரும் நின்றுவிட்டார்கள். காயங்கள் போக மிஞ்சியவர் கானலி எர்லி, செப்டம்பரில்தான் முதன்முதலாக மேலே வந்த புதுப் பையன்.

அன்று 4-0 என்று தோற்றோம். யாங்கீஸின் புதுமுகம் கேம் ஷ்லிட்லர் பன்னிரண்டு பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார். இந்த மாசசூசெட்ஸ் மாநிலத்திலேயே வளர்ந்த பையன் என்பது இன்னும் வலித்தது. விலாக் காயத்தால் ஆண்டனி இல்லை. டெவர்ஸ் அந்த ஆண்டு இரண்டு அணிகளுக்குமாக 35 ஹோம் ரன் அடித்தவர், அவரும் இல்லை. நாஷுவா நண்பரே, உங்கள் மேலாளரிடம் என் சார்பில் ஒன்று கேளுங்கள். நோமார் போனபோது பதிலுக்கு வந்த கப்ரேரா அந்த அக்டோபரில் களத்தில் நின்றார். டெவர்ஸுக்குப் பதிலாக வந்தவர்களில் யார் அந்த இரவு பேட்டைப் பிடித்து நின்றார்கள்?