ஒஹையோ ஸ்டேட் 2025 சீசன் (அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால், சீசன் தொடங்குமுன் எழுதியது): 13-10க்கு முதலில் பதில் சொல்லுங்கள்

மஞ்சள்நீலம்:
நேற்று கொலம்பஸ்வாசி இங்கே எழுதியது: "2025லும் தேசியக் கோப்பை ஒஹையோ ஸ்டேட்டுக்குத்தான். நவம்பர் 29 மிச்சிகன் ஆட்டம் வெறும் சடங்கு." ராத்திரி படித்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. சடங்கா? 2024 நவம்பர் 30, உங்கள் சொந்த மைதானம், ஒரு லட்சம் பேர் பார்க்க, 13-10. ஐந்து தோல்விகளோடு வந்த மிச்சிகன் அணி நாங்கள். எங்கள் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) அன்று பாஸில் எடுத்தது வெறும் 62 கெஜம், எறிந்த பந்து எதிரணி கைக்குப் போன இன்டர்செப்ஷன் இரண்டு வேறு. அப்படியும் ஜெயித்தோம். அடுத்த சீசனைப் பற்றி வாய் திறக்குமுன் இதற்குப் பதில் வேண்டும்.

கொலம்பஸ்வாசி:
பதில் ஜனவரி 20 அன்றே அட்லாண்டாவில் சொல்லியாகிவிட்டது. இறுதி ஆட்டத்தில் நோட்டர் டேமை 34-23. அதற்கு முன்னால், கோப்பைக்கான நாக்அவுட் சுற்றான பிளேஆஃபில், டென்னசி, ஓரிகன், டெக்ஸஸ். காலிறுதியான ரோஸ் பௌலில் ஓரிகனை 41-21 என்று துவைத்ததை நீங்கள் பார்க்கவில்லையா, பார்த்தும் மறந்துவிட்டீர்களா? நாங்கள் தேசிய சாம்பியன். நீங்கள் 8-5, எட்டு வெற்றி, ஐந்து தோல்வி.

மஞ்சள்நீலம்:
அந்த எட்டில் ஒன்று உங்களை அடித்தது. பழைய நான்கு அணி பிளேஆஃபாக இருந்தால் 13-10 அன்றே உங்கள் சீசன் முடிந்திருக்கும். 12 அணியாக விரித்த முதல் வருஷம், எட்டாவது சீடாக, அதாவது வரிசையில் எட்டாவது இடத்தில், உள்ளே வந்தீர்கள். கடைசிப் பந்தியில் இடம் கிடைத்தவர் தலைவாழை இலை என்னுடையது என்று சொல்லக் கூடாது.

டொலிடோ தங்கை:
அண்ணா, இரண்டு பேரும் முதலில் நல்ல சீசன் என்றால் என்ன என்று முடிவு செய்துகொள்ளுங்களேன். கோப்பையா, பரம எதிரியை ஜெயிப்பதா? அது தெரியாமல் 2025 எப்படி இருக்கும் என்று எப்படிப் பேசுவது?

சாம்பல்சிவப்பு:
எதிரணி கோச்சுகள் சைகையில் அனுப்பும் சிக்னலைத் திருடிய கூட்டத்தோடு என்ன விவாதம்? அதைச் செய்த உங்கள் ஊழியர் கானர் ஸ்டாலியன்ஸ் ஞாபகம் இருக்கிறதா? 2021, 2022ல் எங்களை ஜெயித்தது இரண்டும் செல்லாது.

மஞ்சள்நீலம்:
தம்பி, ஸ்டாலியன்ஸ் 2023 நவம்பர் தொடக்கத்திலேயே ராஜினாமா செய்துவிட்டார். அந்த மாதக் கடைசியில் உங்களை 30-24 என்று ஜெயித்தோம். அந்த ஆட்டத்தில் எங்கள் தலைமை கோச் ஹார்பாகூட மைதானத்தில் இல்லை, தடையில் இருந்தார், உதவி கோச் ஷெரோன் மூர்தான் நடத்தினார். சரி, 2024ல் யார் எந்த சிக்னலைத் திருடினார்கள்? நடுவில் ஓடுவோம், ஓடுவோம் என்று எங்கள் டிஃபென்ஸ் சுவரில் முட்டினீர்கள். இரண்டு ஃபீல்ட் கோல் தவறவிட்டீர்கள். அதையும் ஸ்டாலியன்ஸா உதைத்தார்? 13-10.

சாம்பல்சிவப்பு:
2020ல் கோவிட் என்று சொல்லி ஆட்டத்தை ரத்து செய்தது யார்? 2012 முதல் 2019 வரை எட்டு வரிசையாகத் தோற்ற பயம்தானே?

மஞ்சள்நீலம்:
ஆட வீரர்கள் இல்லாத அளவுக்குத் தொற்று. நோயில் படுத்தவர்களைப் பயந்தவர்கள் என்று சொல்வது கேவலம்.

கொலம்பஸ்வாசி:
சரி, 2025க்கு வருவோம். பாஸைப் பிடிக்க ஜெரமையா ஸ்மித் இருக்கிறார், டிஃபென்ஸில் கேலப் டௌன்ஸ் இருக்கிறார். ஆகஸ்ட் 30 டெக்ஸஸ் நம் ஊருக்கு வருகிறது. குவாட்டர்பேக் சாயினா, கீன்ஹோல்ஸா என்று கோச் ரயன் டே இன்னும் அறிவிக்கவில்லை. யார் வந்தாலும் ஸ்மித் கைக்குப் பந்து போனால் போதும்.

மஞ்சள்நீலம்:
உங்கள் 14 பேர் தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் டிராஃப்டில் (வீரர் தேர்வில்) போயாயிற்று. டிஃபென்ஸ் கோச் நோல்ஸ் பென் ஸ்டேட்டுக்குப் போயாயிற்று. பதிலுக்கு வந்திருப்பது மேட் பட்ரீஷியா! டெட்ராய்ட்காரர்களைக் கேளுங்கள். அவர்களின் என்எஃப்எல் அணி லயன்ஸை 13 வெற்றி, 29 தோல்வி, 1 டை என்று கொண்டுபோய் நிறுத்தியவர்.

கொலம்பஸ்வாசி:
நியூ இங்கிலாந்தில், என்எஃப்எல் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை ஜெயித்தால் கிடைக்கும் மோதிரம் வாங்கியவரும் அவர்தான். ஒன்றல்ல, மூன்று. தலைமை கோச் வேலை வேறு, டிஃபென்ஸை நடத்துவது வேறு. பள்ளிக்கூடத்திலிருந்து இப்போதுதான் வந்த குவாட்டர்பேக் அண்டர்வுட் பையனை நம்பி உட்கார்ந்திருப்பவர் எங்கள் கோச்சைப் பேச வேண்டாம். செப்டம்பர் 6 உங்கள் ஓக்லஹோமா ஆட்டத்தில் பார்ப்போம்.

மஞ்சள்நீலம்:
பார்ப்போம். ஆனால் நீங்கள் சொன்ன "வெறும் சடங்கு" அப்படியே இருக்கிறது. சடங்கு என்றால், ஒவ்வொரு வருஷமும் அந்த வாரம் உங்கள் வளாகத்துப் பலகைகளில் மிச்சிகனின் எம் எழுத்தையெல்லாம் தேடித் தேடிச் சிவப்பு டேப்பால் ஏன் மூடுகிறீர்கள்? மிச்சிகனை ஜெயித்தால் சின்னத் தங்கக் காற்சட்டைப் பதக்கம் கொடுப்பது 1934லிருந்து உங்கள் வழக்கம். 2021ல் சேர்ந்த ஜாக் சாயர், எகபூக்கா, ஹெண்டர்சன், துய்மோலோவா, ஒருவரிடமாவது அது இருக்கிறதா? நாலு வருஷம் ஆடி, கோப்பையோடு போனார்கள், அது இல்லாமல் போனார்கள்.

நான் அன்று மேலடுக்கில் உட்கார்ந்திருந்தேன். கையுறைக்குள் விரல் மரத்துப்போகிற குளிர். 45 நொடி மிச்சம் இருக்கும்போது எங்கள் ஸ்வாடா ஜெயிக்கவைத்த ஃபீல்ட் கோலை உதைத்தார். பக்கத்தில் சிவப்புச் சட்டை போட்ட ஒரு பெரியவர், காதில் ரேடியோ. பந்து உள்ளே போனதும் அதைக் கழற்றி, ஒயரை விரலில் மெதுவாகச் சுற்றி, சட்டைப் பையில் வைத்தார். இன்னும் ஆட்டம் முடியவில்லை, எழுந்து போய்விட்டார். அவரிடம் போய்ச் சொல்லுங்கள், சடங்கு என்று.

டொலிடோ தங்கை:
நான் கேட்டதற்கு யாருமே பதில் சொல்லவில்லை.

கொலம்பஸ்வாசி:
பெரியவர் கதை எதற்கு? ஆட்டம் முடிந்ததும் எங்கள் மைதானத்தின் நடுவில் கொடி நட்டு, போலீஸ் மிளகாய் ஸ்பிரே அடிக்கிற அளவுக்குக் கொண்டுபோனது யார்? ஜெயிக்கத் தெரிந்தால் போதாது, ஜெயித்தபின் நடந்துகொள்ளவும் தெரிய வேண்டும்.

மஞ்சள்நீலம்:
ஜெயித்தபின் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். 13-10.

சாம்பல்சிவப்பு:
இதே ஆளுக்கு வேறு வேலை இல்லை. 34-23.

கொலம்பஸ்வாசி:
ஆகஸ்ட் 30 மதியம் வழக்கம்போல என் வீட்டில் பிரியாணி. எல்லோரும் வரலாம், மஞ்சள்நீலம் தவிர. போன வருஷம் என் சோபாவில் உட்கார்ந்து பென் ஸ்டேட்டுக்குக் கைதட்டியதை என் மனைவிகூட இன்னும் மறக்கவில்லை.

மஞ்சள்நீலம்:
அன்று எங்களுக்கும் நியூ மெக்சிகோ ஆட்டம் இருக்கிறது, உங்கள் பிரியாணிக்கு யாரும் காத்திருக்கவில்லை. "சடங்கு" என்ற வார்த்தையைத் திரும்ப வாங்கும்வரை இங்கேயேதான் இருப்பேன்.

கொலம்பஸ்வாசி:
வாங்குவதாக இல்லை.