எஸ்டீமுக்குக் குறைந்த செலவில் டர்போ: பெட்டியோடு வரும் கிட்டா, உக்கடத்து டீசல் டர்போவா?

சூலூர்_வண்டி:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் 2004 மாருதி எஸ்டீம் விஎக்ஸ்ஐ இருக்கிறது. அப்பா ஓட்டிய வண்டி, 1,34,000 கிலோமீட்டர் ஆகியிருக்கிறது. வீட்டுக்கு வேறு கார் வந்துவிட்டதால், இதை விற்க மனசில்லாமல் கோவை செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் ட்ராக்கில் ஓட்டுவதற்கென்றே வைத்துக்கொள்ளலாம் என்று ஆசை. இணையத்தில் 42,000 ரூபாய்க்கு ஒரு டர்போ கிட் பார்த்தேன். எக்ஸாஸ்ட் புகையால் சுற்றி இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ, அதை இன்ஜினோடு இணைக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், அந்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர், சிலிக்கான் ஹோஸ் எல்லாம் ஒரே பெட்டியில் வருகிறது. உக்கடம் பழைய பார்ட்ஸ் கடைகளில் விசாரித்தால், டீசல் ஸ்விஃப்ட்டில் இருந்து கழற்றிய டர்போவை 6,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார்கள். மொத்தமே ஒரு லட்சம்தான் என்னால் முடியும். எதை வாங்கலாம்? இன்ஜினைத் திறக்காமலே மாட்ட முடியுமா?

பீளமேடு_ஜி13:

தம்பி, இதே 1.3 லிட்டர் இன்ஜினில் நான் இரண்டு முறை டர்போ மாட்டியிருக்கிறேன். முதல் முறை நீங்கள் சொல்கிற மாதிரிப் பெட்டியோடு வந்த கிட்தான். மூன்றாவது தடவை ட்ராக்கில் ஓட்டும்போது, நாலாவது சுற்றில் திடீரென்று இழுவை போய், பின்னால் நீலப் புகை. பிரித்துப் பார்த்தால் மூன்றாம் பிஸ்டனில் ரிங் உட்காரும் வரப்பு உடைந்து தனியாக வந்துவிட்டது. அப்போது டர்போவைத்தான் குறை சொன்னேன். ஆனால் டர்போ கையில் சுற்றினால் பட்டுப்போலச் சுற்றியது. இன்ஜினைக் கொன்றது பெட்ரோல் பற்றாக்குறை.

இன்ஜினைக் கட்டுப்படுத்தும் பழைய கம்ப்யூட்டர் (ஈசியு), உள்ளே போகும் காற்றழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைத் தாண்டும் என்று எதிர்பார்த்துச் செய்யப்பட்டதில்லை. உள்ளே கூடுதல் காற்று போகிறது, அதற்கேற்ற பெட்ரோல் போகவில்லை, ஸ்பார்க் அடிக்கும் நேரமும் தாமதப்படுத்தப்படவில்லை. நாக்கிங் (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடித்துத் தட்டுவது) ஆரம்பிக்கிறது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு எக்ஸாஸ்ட் சத்தத்தில் ஓட்டுகிறவனுக்கு அது காதில் விழாது. என் கிட்டில் இதற்காக ஒரு பிரஷர் ரெகுலேட்டர் கொடுத்திருந்தார்கள். அது போதாது. ஒரிஜினல் இன்ஜெக்டரை எவ்வளவுதான் அழுத்தினாலும் ஓர் எல்லைக்கு மேல் ஊற்றாது.

கணக்கைப் பாருங்கள். உங்கள் இன்ஜின் 85 குதிரைத்திறன். 0.4 பார் பூஸ்ட் (டர்போ கூடுதலாகத் தரும் காற்றழுத்தம்) வைத்தால் 115 பக்கம் எதிர்பார்க்கலாம். டர்போ பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்குச் சுமார் 6.3 சிசி பெட்ரோல் வேண்டும். 115க்கு 725 சிசி. நாலால் வகுத்தால் ஓர் இன்ஜெக்டருக்கு 181. அது 85 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்பதால் 213. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, அதற்காக இன்னும் 8 சதவீதம் கூட்டினால் 230. எனவே 300 சிசி இன்ஜெக்டர் போடுங்கள், மூச்சுவிட இடம் இருக்கும். காற்று-பெட்ரோல் கலவையைக் காட்டும் லாம்டா மீட்டர் வாங்கும்போது 14.7, 12 என்கிற விகித எண்களைப் பார்க்காமல் லாம்டாவிலேயே படியுங்கள் (1 என்றால் சரியான கலவை, அதற்குக் கீழே என்றால் பெட்ரோல் அதிகம்). எத்தனால் அளவு மாறினாலும் அந்த எண் ஏமாற்றாது. பூஸ்ட்டில் 0.8 பக்கம் இருந்தால் எனக்கு நிம்மதி.

டீசல் டர்போ விஷயம். காற்றின் அளவைப் பார்த்தால் அது பொருந்தத்தான் செய்யும். 1.3 டீசல் 4,000 ஆர்பிஎம்மில் ஒரு பார் பூஸ்ட்டில் விழுங்குகிற காற்றும், உங்கள் பெட்ரோல் இன்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் 0.4 பாரில் விழுங்குகிற காற்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிரச்சினை சூடு. டீசல் புகை பொதுவாக 800 டிகிரிக்குள் நிற்கும்; பெட்ரோலில் முழு ஆக்சிலரேட்டரில் சுற்றுச் சுற்றாக ஓட்டினால் 900ஐத் தாண்டும். டீசல் டர்போவில் புகை சுற்றிவிடும் டர்பைன் சக்கரத்தையும் ஹவுசிங்கையும் அந்தச் சூட்டுக்காகச் செய்வதில்லை. உள்ளே சின்னத் தகடுகள் (வேன்) திறந்து மூடுகிற விஜிடி வகை என்றால் தொடவே தொடாதீர்கள், வேன் சிக்கிக்கொள்ளும். பெட்ரோல் காரில் இருந்து கழற்றியதைத் தேடுங்கள். ஃபியட் லினியா டி-ஜெட் 1.4 லிட்டர், 114 பிஎஸ். அந்த அளவு டர்போ உங்களுக்குச் சரியாக உட்காரும். வாங்கும் முன் ஷாஃப்டைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். லேசாகப் பக்கவாட்டில் ஆடலாம், நீளவாக்கில் ஆட்டம் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இரண்டாம் முறை எனக்கு மொத்தம் 1,12,000 ஆனது. அதில் டர்போ வெறும் 16,000. நாமே ட்யூன் செய்துகொள்ளும் ஸ்பீடுயினோ ஈசியு, வயரிங், இன்ஜெக்டர், பம்ப், லாம்டா மீட்டர், ட்யூனிங் எல்லாம் சேர்ந்து 64,000. மீதி மேனிஃபோல்ட், பைப், இன்டர்கூலர். ஸ்பீடுயினோ போர்டில் இருக்கும், காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் 250 கிலோபாஸ்கல் வரை படிக்கும், தனியாக வாங்க வேண்டியதில்லை. அந்த வண்டி இன்றைக்கும் ஓடுகிறது. ஒரு லட்சத்தில் 42,000ஐப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டால் இதற்கெல்லாம் பணம் எங்கே இருக்கும்?

அப்புறம் ஆயில். வரும் லைனைப் பற்றி எல்லாரும் கவலைப்படுவார்கள், போகும் லைனை யாரும் பார்ப்பதில்லை. டர்போவில் இருந்து ஆயில் தானாகத்தான் வழிந்து இறங்க வேண்டும். குறைந்தது 12 மில்லி உள்விட்டம், எங்கும் மேலேறாமல் நேராகக் கீழே, சம்ப்பில் (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். டர்போவில் இருப்பது ரப்பர் சீல் இல்லை, பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு வளையம். வழி அடைத்தால் ஆயில் டர்பைன் பக்கம் கசிந்து புகையும். நல்ல டர்போவைக் கெட்டது என்று கழற்றி எறிவீர்கள். முதல் முறை ஸ்டார்ட் செய்யும் முன் இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, வடிகால் வழியாக ஆயில் வருகிற வரை ஸ்டார்ட்டரில் சுற்றவிடுங்கள்.

கணபதி_லேத்:

மேனிஃபோல்ட் பற்றி மட்டும் சொல்கிறேன். கிட்டில் வருகிற பளபளப்பான ஸ்டெயின்லெஸ் மேனிஃபோல்ட்கள் என்னிடம் விரிசலோடு வருகின்றன. குழாய் ஒன்றரை மில்லிதான் இருக்கும். அதன்மேல் டர்போவின் முழு எடையும் தொங்குகிறது, சூட்டில் சிவக்கிறது, ஆறுகிறது. 3 மில்லிக்கு மேல் தடிமனான ஸ்டீம் பைப் பெண்ட், 12 மில்லி ஃபிளாஞ்ச் (இன்ஜினோடு போல்ட் போடும் தட்டு) வைத்துச் செய்யச் சொல்லுங்கள். வெல்டிங் செய்யும்போது ஃபிளாஞ்ச்சை ஒரு பழைய சிலிண்டர் ஹெட்டில் போல்ட் போட்டு இறுக்கியே அடிக்க வேண்டும், இல்லையென்றால் வளைந்துவிடும். முடிந்ததும் லேத்தில் ஒருமுறை முகத்தைச் சமமாக்கும் ஃபேசிங். டர்போவுக்கு பிளாக்கில் இருந்து ஒரு பிராக்கெட் கொடுத்துத் தாங்கவிட்டால் ஆயுள் கூடும்.

அவிநாசி_ரோடு:

ஒன்று மறக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த விவரத்தில் இருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. டர்போ போட்ட வண்டியைச் சாலையில் ஓட்டி விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸில் பெரிய சிக்கல் வரும். ட்ரெய்லரில் ஏற்றித்தான் ட்ராக்குக்குக் கொண்டுபோங்கள். அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

பீளமேடு_ஜி13:

சரியாகச் சொன்னீர்கள், நானும் அப்படித்தான் கொண்டுபோகிறேன். தம்பி, எதையும் வாங்கும் முன், ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று காட்டும் கம்ப்ரெஷன் டெஸ்ட் பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், நாலு பிளக்கும் கழற்றியிருக்க வேண்டும், ஆக்சிலரேட்டர் முழுதாக மிதித்திருக்க வேண்டும், பேட்டரி நல்ல சார்ஜில் இருக்க வேண்டும். இன்ஜினைத் திறக்க வேண்டுமா என்பதற்கு அந்த நாலு எண்கள் பதில் சொல்லும்.

சூலூர்_வண்டி:

அண்ணா, இன்று பார்த்தேன். 178, 174, 176, 139 பிஎஸ்ஐ. நாலாவதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்பப் பார்த்தபோது 168 வந்தது.

பீளமேடு_ஜி13:

ஆயில் விட்டதும் ஏறியதால் வால்வு இல்லை, பிஸ்டன் ரிங் அல்லது போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை). டர்போ வைத்திருந்தால் முதல் நாளே அந்த சிலிண்டர்தான் போயிருக்கும். கிட்டை ஆர்டர் போடாதீர்கள். ஹெட்டைக் கழற்றி நாலாவது போரை மேலே, நடுவில், கீழே மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள். நகம் வைத்து இழுத்தால் கோடு தட்டுப்படுகிறதா என்றும் பாருங்கள். போரை லேசாகத் தேய்க்கும் ஹோனிங்கும் புது ரிங்கும் போதுமா, ஓவர்சைஸ் பிஸ்டன் வேண்டுமா என்று அந்த அளவைப் பார்த்து முடிவு செய்யலாம்.