பேரிடர் மேலாண்மையை உள்துறைக்குக் கொண்டுபோனால் சரியாகுமா? 2025 திருத்தத்துக்குப் பிறகு மாநில அமைப்பை மாற்றுவது பற்றி

தாழைமடல் (கேள்வி):
பேரிடர் மேலாண்மைத் திருத்தச் சட்டம் 2025 ஏப்ரல் 9 முதல் அமலில் இருக்கிறது. மாநகராட்சிகளுக்கு நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம், மாநில மீட்புப் படைக்குச் சட்ட அங்கீகாரம், மாநில அளவில் தரவுத்தளம் என்று மாநிலங்கள் செய்ய வேண்டிய வேலை கூடியிருக்கிறது. இதையொட்டி ஒரு யோசனை அடிக்கடி காதில் விழுகிறது. தமிழ்நாட்டில் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வருவாய்த்துறையில் இருக்கிறது. போலீஸ், தீயணைப்பு, கடலோரப் பாதுகாப்புக் குழுமம், ஊர்க்காவல் படை எல்லாம் உள்துறையில். எல்லாவற்றையும் உள்துறையின் கீழ் ஒரே முகமையாக்கிவிட்டால் உத்தரவு ஒரே இடத்திலிருந்து போகும் என்கிறார்கள். நடைமுறையில் இது எங்கே இடிக்கும்? மாற்றுவதானால் எதை முதலில் தொட வேண்டும்?

கிராமக்கணக்கு:
துறை மாற்றம் வேண்டாம் என்பேன். புயல் கரையைக் கடக்கும் முன்பே வேலையைத் தொடங்குவது கலெக்டர், ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்), தாசில்தார், ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), கிராம உதவியாளர் என்ற வருவாய்த்துறைச் சங்கிலி. நடக்க முடியாத பெரியவர் எந்த வீட்டில் இருக்கிறார், முகாமாகப் போகும் பள்ளிக்கூடத்தின் சாவி யாரிடம், அரிசி எந்தக் கடையில் இருப்பு இருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். தண்ணீர் வடிந்த பிறகு இடிந்த குடிசை, செத்த மாடு, அழுகிய பயிர் ஆகியவற்றைக் கணக்கெடுத்து நிவாரணப் பட்டியல் போடுவதும் அவர்களே. ஆணையம் உள்துறைக்குப் போனால் இந்த ஆட்கள் வேறு துறையின் ஊழியர்கள் ஆகிவிடுவார்கள். இன்று படைக்கும் தலைமைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி, நாளை தலைமைக்கும் கிராமத்துக்கும் நடுவில் வரும்.

பாதுகாப்பையும் பேரிடரையும் ஒரே கூரையில் வைத்துப் பார்த்த பெரிய உதாரணம் அமெரிக்கா. அந்நாட்டின் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபீமா 2003 மார்ச்சில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குள் போனது. கவனமும் பணமும் பயங்கரவாதத் தடுப்புப் பக்கம் சாய்ந்தன. முன்தயாரிப்புப் பணியே அதன் கையிலிருந்து பிரிந்தது. 2005-ல் கத்ரீனா புயல் வந்தபோது விளைவு தெரிந்தது. 2006-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு முன்தயாரிப்பைத் திரும்பக் கொடுத்தது, நெருக்கடி நேரத்தில் ஃபீமா தலைவர் அதிபரிடம் நேரடியாகப் பேச வழி செய்தது.

நம் சட்டத்திலேயே வழி இருக்கிறது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் பிரிவு 20-ன்படி தலைமைச் செயலாளர் தலைமையில் மாநிலச் செயற்குழு, அதில் நான்கு துறைச் செயலாளர்கள். உள்துறைச் செயலாளர் அதில் இருக்கட்டும். எந்த எச்சரிக்கை நிலை வந்ததும் மாவட்டத் தீயணைப்பு அலுவலரும் போலீஸ் ஆயுதப்படைக் குழுவும் கலெக்டரின் கட்டளைக்குள் வருகிறார்கள், எப்போது விடுவிக்கப்படுகிறார்கள் என்று அரசாணையில் எழுதினால் போதும். 'ஒருங்கிணைந்து செயல்பட வேண்டும்' என்று மட்டும் எழுதிய அரசாணையால் ஒரு படகுகூட நகராது.

அடையாற்றுக்கரை:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் இந்தத் திருத்தத்தில் உண்மையான சிக்கல் துறை எல்லையைவிட ஊர் எல்லையில்தான் வரும்.

நகர்ப்புற ஆணையத்துக்கு மாநகராட்சி ஆணையர் தலைவர், கலெக்டர் துணைத் தலைவர். மாவட்ட ஆணையத்துக்கோ கலெக்டர்தான் தலைவர். ஒரே ஊரில் ஒரே கலெக்டர் ஒரு கூட்டத்தில் தலைவர், இன்னொன்றில் துணைத் தலைவர். மக்களை வெளியேற்றும் உத்தரவில் யார் கையெழுத்துப் போடுவது? தமிழ்நாட்டில் 25 மாநகராட்சிகள். எல்லா இடத்திலும் இந்தக் கேள்வி வரும்.

சென்னைக்கு மேற்கே உள்ள செம்பரம்பாக்கம் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. ஏரி காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது, மதகு நீர்வளத்துறையிடம். உபரி நீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேர்ந்து, அனகாபுத்தூர் பக்கம் தாம்பரம் மாநகராட்சியைத் தொட்டு, பிறகு சென்னைக்குள் மணப்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று போகிறது. வழியில் மூன்று மாவட்டங்கள், இரண்டு மாநகராட்சிகள், இரண்டு போலீஸ் கமிஷனரேட்டுகள். 2015 டிசம்பர் 1 அன்று 29,000 கனஅடி திறந்தபோது தண்ணீர் இந்த எல்லைகளில் எதையும் பார்க்கவில்லை. அந்த இரவில் உயிரோடு தப்பியவர்கள் பலர் அதிகாரபூர்வ எச்சரிக்கையால் தப்பவில்லை என்பதை மறக்கக்கூடாது.

இன்னொரு முடிச்சும் உண்டு. கமிஷனரேட் பகுதிகளில் பழைய 144, இப்போதைய பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 163-வது பிரிவுத் தடையுத்தரவு கமிஷனர் கையில். பேரிடர் சட்டத்தின் 34-வது பிரிவில் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மாவட்ட ஆணையத்திடம். ஒரே பாலத்தை மூட இரண்டு உத்தரவு வரலாம், ஒன்றுமே வராமலும் போகலாம்.

அதனால் நகர்ப்புற ஆணையங்களை அமைக்கும் அதே அரசாணையில் அடையாறு, கூவம், கொசஸ்தலையாறு ஒவ்வொன்றுக்கும் படுகை அளவில் ஒரே பொறுப்பு அலுவலரை நியமிக்க வேண்டும். மதகு திறக்கும் செய்திக்கு ஒரே படிவம்: ஏரியின் பெயர், தற்போதைய மட்டம் அடியில், வரத்து, வெளியேற்றம், அடுத்து கூட்டப்போகும் அளவும் நேரமும், கரையோர ஊர்களின் பெயர். 'தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்' என்று பொதுவாகச் சொன்னால் யாரும் நகர மாட்டார்கள், ஏனென்றால் தன் வீடு தாழ்வில் இருக்கிறது என்று யாரும் நினைப்பதில்லை.

படகுத்துறை:
மீட்புப் படை பற்றி. தேசியப் பேரிடர் மீட்புப் படையில் ஒரு பட்டாலியனுக்கு 18 அணிகள், அணிக்குச் சுமார் 45 பேர். பொறியாளர், எலெக்ட்ரீஷியன், மோப்ப நாய், மருத்துவ உதவி எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். நமக்குப் பக்கத்தில் இருப்பது அரக்கோணத்தில் உள்ள 4-வது பட்டாலியன். மாநிலப் படையை அமைக்கும்போது தலை எண்ணிக்கையைப் பார்க்காமல், தானாக நிற்கக்கூடிய அணிகள் எத்தனை என்று பாருங்கள். ஒடிசா 2001-லேயே இப்படித் தனி மீட்புப் படை அமைத்து, அதன் அணிகளை மாவட்டங்களில் பரப்பி வைத்தது.

போலீஸ் பட்டாலியனிலிருந்து ஆள் எடுத்தால் வரும் முதல் கேடு பந்தோபஸ்து. திருவிழா, வி.ஐ.பி. வருகை என்று பயிற்சி பெற்றவர்களையே இழுத்துக்கொள்வார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த அணிகளை வேறு பணிக்கு அனுப்பக்கூடாது என்று அரசாணையிலேயே இருக்க வேண்டும். மூன்று ஆண்டுக்குக் குறையாத பணிக்காலமும் வேண்டும். இல்லையென்றால் ஆளுக்குப் பயிற்சி கொடுத்து முடிக்கும்போது மாறுதல் உத்தரவு வந்துவிடும்.

அடுத்தது பராமரிப்பு. ரப்பர் படகு வாங்குவது சுலபம். அவுட்போர்டு இன்ஜின்தான் கைவிடும். போன மழைக்காலத்து பெட்ரோல் டாங்கிலேயே கிடந்து பிசினாகி கார்புரேட்டரை அடைத்திருக்கும். மாதம் ஒருமுறை தண்ணீர்த் தொட்டியில் வைத்து 15 நிமிடம் ஓட்டுங்கள். உப்புத்தண்ணீரில் ஓடியிருந்தால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவி விடுங்கள். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஆயில் விகிதத்தைக் கம்பெனி புத்தகத்தில் உள்ளபடி டாங்கின் மேலேயே பெயின்டில் எழுதி வையுங்கள். வெள்ளத்தில் பிளாஸ்டிக், துணி சுற்றி புரொப்பல்லரின் ஷியர் பின் (சிறு உலோக முளை) உடையும்; இன்ஜினுக்கு இரண்டு பின், இரண்டு ஸ்பார்க் பிளக், அதற்கான ஸ்பேனர் படகிலேயே இருக்க வேண்டும், ஸ்டோரில் இருந்து பயனில்லை.

கணக்குத்தலைப்பு:
பணத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 15-வது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு வகுத்தபடி மாநிலத்துக்கான பேரிடர் நிதி மொத்தத்தில் 20 சதவீதம் தணிப்பு நிதி (பாதிப்பை முன்கூட்டியே குறைக்கும் பணிகளுக்கு), 80 சதவீதம் நிவாரண நிதி என்று இருந்தது. அந்த 80-ஐ மீட்பு, நிவாரணத்துக்கு 40, மறுகட்டுமானத்துக்கு 30, தயார்நிலைக்கு 10 என்று பிரித்தது. நம்மைப் போன்ற மாநிலங்களில் மத்திய, மாநிலப் பங்கு அப்போது 75:25. கட்டுப்பாட்டு அறைக் கருவி, பயிற்சி போன்றவற்றைத் தயார்நிலைப் பங்குக்குள் பாருங்கள். புதிய முகமையின் நிரந்தரச் சம்பளத்தை இதில் ஏற்றலாம் என்று திட்டமிடாதீர்கள். அது மாநில பட்ஜெட்டில்தான் வர வேண்டும்.

துறை மாறினால் பில் போடும் அலுவலர் மாறுவார். நிவாரணச் செலவுக்கான 2245 என்ற கணக்குத் தலைப்பில் செலவு செய்ய அவருக்கு அதிகாரம் வருவதற்குள் மழை வந்தால் கருவூலத்தில் பில் திரும்பும். அதனால் எந்த மாற்றமானாலும் ஜனவரியில் அரசாணை, பட்ஜெட்டில் தலைப்பு, ஏப்ரல் 1 முதல் அமல். ஆகஸ்டில் தொடங்கி அக்டோபருக்குள் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தடுத்து நிறுத்துங்கள்.

அவசரக் கொள்முதலுக்குப் பேரிடர் சட்டத்தின் பிரிவு 50 இருக்கிறது, டெண்டர் இல்லாமல் வாங்கலாம். ஆனால் எந்த அலுவலர், எவ்வளவு தொகை வரை, யார் சான்றில் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதாத இடத்தில் தணிக்கைக்குப் பயந்து யாரும் ஜெனரேட்டர்கூட வாடகைக்கு எடுக்க மாட்டார்கள்.

தாழைமடல்:
மிக்க நன்றி. கடைசியாக ஒன்று: 1070 (மாநிலக் கட்டுப்பாட்டு அறை), 1077 (மாவட்டக் கட்டுப்பாட்டு அறை), 112 (பொது அவசர உதவி), 101 (தீயணைப்பு), 108 (ஆம்புலன்ஸ்), சென்னையில் 1913 (மாநகராட்சி). இவற்றை ஒரே எண்ணாக்கிவிடலாமா?

கிராமக்கணக்கு:
எண்களைத் தொடாதீர்கள். ஜனங்களுக்குப் பழகிய எண்தான் பதற்றத்தில் கைக்கு வரும். எல்லா எண்ணுக்கும் வரும் புகார் ஒரே பதிவேட்டில், ஒரே வரிசை எண்ணோடு விழ வேண்டும். யார் எடுத்தாலும் மற்றவர் திரையில் தெரிய வேண்டும். இப்போது ஒரே வீட்டிலிருந்து மூன்று எண்ணுக்கு அழைத்தால் மூன்று படகு போகும், அடுத்த தெருவுக்கு ஒன்றும் போகாது. மென்பொருள் வரும்வரை ஒவ்வொரு கட்டுப்பாட்டு அறையிலிருந்தும் ஒருவரை சென்னை எழிலகத்தில் உள்ள மாநிலக் கட்டுப்பாட்டு அறையில் 24 மணி நேரமும் ஷிஃப்ட் முறையில் உட்கார வைக்கலாம். ஷிஃப்டு மாறும்போது முடியாத அழைப்புகளை வாயால் சொல்லிவிட்டுப் போகாமல் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.