உருகிய உப்பைச் சுருக்கமாக எப்படி அழைப்பது: உருகுப்பா, உப்புக்குழம்பா? வெள்ளிக்குள் சொல்லுங்கள்

ரோஸ் ஹில் ஆசிரியை:
அன்பர்களே, வெள்ளிக்கிழமை மாணவர் கண்காட்சி. ஆலைகளில் கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் எடுப்பது எங்கள் மொரிஷியஸ் பிள்ளைகள் அறிந்ததே. அதே சக்கையை உருகிய உப்புக்குள் காற்றுப்படாமல் சுட்டால் கரியாகும். ஆறியபின் நீரில் கழுவினால் உப்பு கரைந்துவிடும். அது இருந்த இடமெல்லாம் நுண்துளை. மின்தேக்கியின் மின்வாய்க்கு அந்தக் கரி நன்றாக உதவும். விளக்கப் பலகையில் 'உருகிய உப்பு' பதினொரு முறை வருகிறது. 'உருகுப்பு' என்று சுருக்கலாமா?

டர்பனிலிருந்து:
அம்மா, புணர்ச்சியில் பிழையில்லை. குற்றியலுகரம் ஒழுங்காக ஓடிவிட்டது. ஆனால் இது வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொது. 801 பாகை செல்சியசில் உருகப்போகும் உப்பு என் சமையலறை டப்பாவிலும் இருக்கிறதே! எரிமலை கக்குவது பாறைக்குழம்பு என்றால் இது உப்புக்குழம்பு. இல்லையேல் 'உப்புருக்கு'. எஃகுக்கு உருக்கு என்று பெயர் வந்ததே உருக்கியதால்தான். 'ஊட்ஸ்' என்று வெள்ளைக்காரன் எழுதிவைத்ததும் இந்த உருக்கே என்பாருண்டு. அதைப் பற்றித் தனியே நான்கு பக்கம் அனுப்புகிறேன்.

ரெயூனியனிலிருந்து:
நான்கு பக்கம் வேண்டாம் ஐயா. எரிமலை எங்கள் தீவில்தான் இருக்கிறது. ஆனாலும் குழம்பு என்றால் எனக்குச் சட்டிதான் நினைவுக்கு வருகிறது. மேலும், உருகிய சமையலுப்பு குழம்புபோல் தடிக்காது, ஏறக்குறையத் தண்ணீராக ஓடும். 801 என்பதும் தனிச் சமையலுப்புக்கே. லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூன்றின் கார்பனேட் உப்புகளையும் தக்க அளவில் கலந்தால் 400 பாகைக்குக் கீழேயே உருகிவிடும். அதில் கரியமில வாயுவைச் செலுத்தி மின்னாற்பகுத்தால் கரி எதிர்மின்வாயில் படியும். சொல் இதற்கும் பொருந்த வேண்டும். என் வாக்கு உருகுப்புக்கு.

ரோஸ் ஹில் ஆசிரியை:
இன்று வகுப்பில் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். இங்கே கிரியோலில் 'கரி' என்றால் சோற்றுக்கு ஊற்றும் கறி. 'உப்புக்குழம்பில் வெந்த கரி' என்றதும் கடைசி வரிசைப் பையன் தட்டு எங்கே என்று கேட்டான். ஆகவே கரியைக் கார்பன் ஆக்கிவிட்டேன். முதலில் ஒருமுறை 'உருகிய உப்பு', பிறகு 'உருகுப்பு'. பலகை அச்சுக்குப் போய்விட்டது.

டர்பனிலிருந்து:
கரிமம் இருக்கக் கார்பனா? கரி என்றால் சாட்சி என்றும் பொருளுண்டு அம்மா. இந்தத் தீர்ப்புக்கு நான் கரி சொல்லமாட்டேன். உருக்கு பற்றிய நான்கு பக்கம் இணைப்பில்.