ஒரே வேடத்தில் மாட்டிக்கொண்ட நடிகரா ஆண்ட்ரூ சாக்ஸ்?

கல்லடிக்காரன்:
ஃபோல்டி டவர்ஸ் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரில் ஆண்ட்ரூ சாக்ஸ் நடித்த மானுவல் என்ற வெயிட்டரை இப்போதுதான் பார்த்து முடித்தேன். மொத்தமே 12 பகுதிகள்தான், 1975-லும் 1979-லும் வந்தவை. இவர் வேறு என்ன செய்தார்? எங்கள் ஊர்க் கூத்தில் நான் எப்போதும் கட்டியகாரன்தான், அதனால் கேட்கிறேன்.

அக்கரைப்பற்று அக்கா:
தம்பி, அவரை டிவியில் மட்டும் தேடாதீர்கள், வானொலியில் தேடுங்கள். 1978-ல் பிபிசி வானொலிக்கு அவரே எழுதி நடித்த ஒரு நாடகத்தில் வசனமே கிடையாது, மூச்சும் காலடியும் மற்றச் சத்தங்களும் மட்டும்தான், அதை வைத்தே முழுக் கதையையும் சொல்லிவிடுகிறார். வானொலியில் பேச்சை விட்டுவிட எவ்வளவு துணிச்சல் வேண்டும்! பிறகு ஷெர்லக் ஹோம்ஸ் வானொலித் தொடரில் டாக்டர் வாட்சன், வேறொரு வானொலித் தொடரில் துப்பறியும் பாதிரியார் ஃபாதர் பிரவுனும் அவர்தான்.

கல்முனை வாசகன்:
அவர் பிறந்தது 1930-ல் பெர்லினில். தந்தை யூதர், நாசிகளிடமிருந்து தப்பி 1938-ல் குடும்பத்தோடு லண்டன் போனார்கள். எட்டு வயதில் ஊரை விட்டு, புது மொழி படித்த பிள்ளை, பிறகு ஆங்கிலம் சரியாக விளங்காத பார்சிலோனாக்காரனாக நடித்தார். இடம்பெயர்ந்து வாழ்ந்த நமக்கு அந்தத் தடுமாற்றம் தெரியும்தானே. எனக்கு மானுவலைப் பார்த்தால் சிரிப்போடு நெஞ்சும் கனக்கும். 2016-ல் காலமானார்.

கல்லடிக்காரன்:
நன்றி அக்கா, நன்றி அண்ணன். அந்த வசனமில்லாத நாடகத்தை இன்றிரவே தேடிக் கேட்கிறேன். எங்களுக்குக் கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்கும் சொல்ல வேண்டும்.